மூணாறு எஸ்டேட்டுக்காரி

நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாடியே சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி அவர்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும் என்று நினைத்தபடி பேச்சித்தாய் ஒரு சின்ன வெங்காயத்தின் தலையைக் கிள்ளினாள். பெண்கள் சிறையின் நூலக அறைக்கு எதிரே, புங்கமரத்து நிழலில், அவளும் சந்தனமாரியும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாம்பாருக்கு உரிக்க வேண்டிய வெங்காயத்தை இங்கேயே கொண்டுவர வார்டரம்மா சம்மதித்திருந்தாள். இன்றைக்கு இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள், கூப்பிடும்போதெல்லாம் சமையல்கட்டுக்கும் நூலகத்துக்கும் நடக்க வார்டரம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் திங்கட்கிழமையே வந்துவிட்டார்கள். சிறையில் இருக்கிறவர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது, அந்த மனசுக்கு என்ன தேவைப்படுகிறது என்று ஆராய்ச்சியாம். வயிற்றுக்கு என்ன தேவை என்று கேட்டிருந்தால் சொல்லலாம், கறிக்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது எலும்பு இல்லாத துண்டாக. முதுகுக்குத் தலையணை. காலுக்கு அளவான செருப்பு. மனசுக்கு என்று தனியாக எதைக் கேட்பது, அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் எங்கே கை வைப்பது, நெஞ்சிலா தலையிலா, நெஞ்சில் வைத்தால் அப்புறம் நெஞ்சைப் பற்றிக் கேட்பார்கள், வேண்டாம், நெஞ்சுப் பக்கம் கையையே கொண்டுபோகக் கூடாது, கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"என்னக்கா தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள் சந்தனமாரி. "சிரிக்கலடி, வெங்காயம்," என்றாள் பேச்சித்தாய். வெங்காயத்துக்கு அழத்தானே செய்வார்கள் என்று சங்கரன்கோவில்காரியான சந்தனமாரி கேட்காமல் விட்டாள், ஏனென்றால் பேச்சியக்கா என்றால் சிரிப்பு என்று பிளாக் முழுவதும் முடிவாகியிருந்தது. சூப்பிரண்டு அம்மா நடப்பதைப் பேச்சியக்கா நடந்துகாட்டினால் ரிமாண்டில் புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கிற பெண்கூட முகத்திலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுப் பார்ப்பாள். பொங்கல் விழாவில் மீசை வைத்து நீதிபதியாக உட்கார்ந்து, உப்புமாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது. திங்கட்கிழமை உள்ளே போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தூக்கம் வரவில்லை என்றால் மாத்திரை எழுதுவார்கள். காதில் குரல் கேட்கிறது என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அழுகை வருகிறது என்றால் ஒன்றும் இல்லை, தண்ணீர் கொடுப்பார்கள். எல்லாருக்கும் முடிவில் பிஸ்கட் பாக்கெட் உண்டு, அது மட்டும் உறுதி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் தண்டனை முடிந்தாலும் விடமாட்டார்கள், குணமாகிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அது உண்மையா பொய்யா தெரியாது. ஆனால் அதைக் கேட்ட நேரத்திலிருந்து பேச்சித்தாயின் வயிற்றில் ஒரு இடம் ஜில்லென்று ஆகி, அந்த ஜில்லுக்குள்ளேயே, சீ, இது என்ன வெட்கம் கெட்ட நினைப்பு, அந்த ஜில்லுக்குள்ளேயே ஒரு சின்ன நிம்மதி மாதிரி ஏதோ எட்டிப்பார்த்தது. விடமாட்டார்கள் என்றால் இங்கேயே இருக்கலாம். இதை யாரிடமாவது சொல்ல முடியுமா. செருப்பால் அடிப்பார்கள். தை பிறந்து ஒரு வாரத்தில் தண்டனை முடிந்து வீட்டுக்குப் போகப்போகிறவள், பத்து வருஷம் உள்ளே கிடந்தவள், இங்கேயே இருக்கலாமே என்று நினைத்தாள் என்று தெரிந்தால், இன்னும் எத்தனையோ வருஷம் பாக்கி இருக்கிற பெண்கள் அவள் முகத்தில் விழிப்பார்களா.

வெங்காயத் தோல் ஒன்று காற்றில் எழுந்து வாசல் பக்கம் போயிற்று. அதன் பின்னாலேயே அவள் கண்ணும் போயிற்று. வாசல் என்றால் இங்கிருந்து தெரிகிற உள்வாசல்தான், அதைத் தாண்டி ஒரு நடை, அதைத் தாண்டிப் பெரிய கேட், அந்தப் பெரிய கேட்டுக்குள்ளே குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாக அவள் எத்தனையோ முறை மனசுக்குள் வெளியே போய்ப் பார்த்துவிட்டாள். முதலில் வார்டரம்மா பெயரைக் கூப்பிடுவாள், அது சரி. கையெழுத்துப் போட்டு, கொண்டுவந்த தோட்டையும் மூக்குத்தியையும் வாங்கிக்கொள்வாள், அதுவும் சரி, மூக்கு தூர்ந்து போயிருக்கும், மறுபடி குத்த வேண்டும். அப்புறம் சின்னக் கதவு. குனிந்து வலது காலை வெளியே வைப்பாள். எதிரே ரோடு. ரோடு என்றால் இரண்டு பக்கமும் வண்டி வருமே, யார் கைகாட்டுவார்கள், இங்கே ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குப் போவதற்கே போம்மா என்று சொல்ல ஒரு ஆள் உண்டு. கதவு என்று ஒன்று எதிரில் வந்தாலே அவளுடைய கால் தானாக நின்றுவிடும், யாராவது திறக்கும்வரை நிற்கும், தாழ்ப்பாளில் கை வைத்தே பத்து வருஷம் ஆகிறது. போன வாரம் ஸ்டோர் ரூம் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது, பூட்டுக்கூட இல்லை, அதன் முன்னால் அரிசிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாளே, அதை யாரும் பார்க்கவில்லை, நல்ல வேளை. டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு இப்போது டிக்கெட் கிடையாதாம். கீரைக்காரிகூட போனைக் காட்டித்தான் காசு வாங்குகிறாளாம். ராத்திரியில் வீடுகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள், இங்கே பிளாக்கில் விடிய விடிய விளக்கு எரியும், இருட்டில் எப்படித் தூங்குவது என்று மறந்துபோயிற்று, இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. ரோட்டைத் தாண்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலும் அந்த பஸ் சின்னமனூரில் போய் நிற்கும், நின்றதும் இறங்கி, இறங்கி ஒரு தெரு, அந்தத் தெருவில் ஒரு வீடு, அந்த வீட்டில்

வெங்காயம். இது அழுகல். தூக்கிப் போட்டாள். நெஞ்சு இரண்டு தடவை எகிறிவிட்டு நின்றது. ஒன்றுமில்லை, வயிற்றில் கேஸ்தான். சிறை ஆஸ்பத்திரி டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஆடி மாசம் முதல் தடவை வந்தது, சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, ஒரு காரணமும் இல்லாமல் கை குளிர்ந்து, காது அடைத்து, நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி, இதோ செத்தோம் என்று நினைத்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். நல்லா இருக்கு, கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவளும் தின்றாள். பூண்டு தின்றாள், ஓமத் தண்ணீர் குடித்தாள், பருப்பை விட்டாள், உருளைக்கிழங்கை விட்டாள். அது மட்டும் அவளை விடவில்லை. குளிக்கும்போது வரும், ரோல் கால் நிற்கும்போது வரும், சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே பாதிச் சிரிப்பில் வரும். அப்போது என்ன செய்வாள் என்றால் சூப்பிரண்டு அம்மா மாதிரி ஒரு இருமல் இருமிவிட்டுத் திரும்பிக்கொள்வாள், எல்லாரும் அதற்கும் சிரிப்பார்கள். இதை இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஒன்று, படத்தில் தெரியாத ஏதோ நெஞ்சு வியாதி, தைக்கு முன்னால் கொண்டுபோய்விடும். இரண்டாவது, புத்தி பேதலிக்கிறது. இரண்டில் எது தேவலை என்று சில நாள் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். நெஞ்சு வியாதி கௌரவம். மகள் கனகவல்லியின் மாமியார் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், அம்மா நெஞ்சு வலியில் போய்விட்டாள், மூணாறில்.

மூணாறு. அங்கே போய் முட்டிவிட்டது, எங்கே சுற்றினாலும் இந்த மலையில்தான் வந்து முட்டுகிறது. பேச்சித்தாய் மூணாறைப் பார்த்ததே கிடையாது. கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் கொத்துக் கழிக்கிற வேலை பார்த்தவள், தலைக்கு மேலே பந்தல், பந்தலில் கொத்துக் கொத்தாகப் பச்சை, கத்தரியை வைத்துப் பொடிக்காயை எடுத்துவிட்டால் மிச்சக் காய் பருக்கும், அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. புருசன் போன பிறகு கொழுந்தன் ஒரு பையைக் கொடுத்து மதுரையில் சேர்க்கச் சொன்னான். உள்ளே கஞ்சா என்று தெரியும், தெரிந்துதான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். மதுரை போய்ச் சேரவில்லை. அன்றைக்குக் கனகவல்லிக்கு ஒன்பதாவது வகுப்பு. அண்ணன் வளர்த்தான், குறை சொல்ல முடியாது, சிறைப் பக்கம் மட்டும் பிள்ளையைக் கூட்டிவந்ததில்லை, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, டைப்பிங் படிக்கவைத்து, போன வருஷம் சின்னமனூரில் நல்ல இடத்தில் கட்டியும் கொடுத்துவிட்டான். கல்யாணம் முடிந்த பிறகு போனில் பேசும்போது கனகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இவங்க வீட்ல நீ மூணாறு எஸ்டேட்ல வேலைக்கு இருக்கேன்னு சொல்லிருக்கு. மாமாதான் சொன்னாரு. நீ எதுவும் நினைச்சுக்காதம்மா," என்றாள். "இதுல நினைக்க என்ன இருக்கு, சம்பளம் எவ்வளவுன்னு சொன்னீங்க? கொறச்சுச் சொல்லிறாதீங்க," என்று பேச்சித்தாய் கேட்டாள், கனகு சிரித்துவிட்டாள், சிரிப்போடு போன் நேரம் முடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வேஷம் என்று வந்துவிட்டால் பேச்சித்தாயால் அரைகுறையாகப் போட முடியாது. பீர்மேட்டிலிருந்து வந்திருக்கிற லீலாம்மா என்ற மலையாளத்துக்காரியைப் பிடித்து, தேயிலை எப்படிக் கிள்ளுவது, கூடை தலையில் மாட்டுவதா தோளில் மாட்டுவதா, அட்டைப்பூச்சி கடித்தால் என்ன போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். ரெண்டு இலை ஒரு மொட்டு. அட்டைக்கு உப்பு. சம்பந்தியம்மாள் எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. குளிர் எப்படி என்றால் தோளைச் சிலிர்த்துக் காட்டுவாள். அதுவரைக்கும் வேடிக்கையாக இருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் கனகு நிற்பாள், ஒரு ஓரமாக, அம்மா எங்கேயாவது உளறிவிடுவாளோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்தப் பார்வைக்கு என்ன பதில், அதை லீலாம்மாவிடம் கேட்க முடியாதே. மகள் வா என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை மணிக்கு வருகிறாய், யார் கூட்டிவர என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வா என்று சொல்கிற குரலில் ஒரு இடம் லேசாக வழுக்குகிறது. அந்த வழுக்கல் என்ன, பயமா, வெட்கமா, போனில் வருகிற இரைச்சலா. ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு அந்த இடத்தை மட்டும் எடுத்து எடுத்துக் கேட்டுப் பார்க்கிறாள். ஆடி மாசத்தில்தானே விடுதலைத் தேதியை உறுதியாகச் சொன்னார்கள். ஆடி மாசத்தில்தானே பானை முன்னால் கை குளிர்ந்தது.

இரண்டையும் அவள் இதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் வெளிய போனதும் நேரா புரோட்டாக் கடைதான்," என்று சந்தனமாரி பேசிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மாசியில் விடுதலை. "சால்னாவுல ஊறவிட்டு, ரெண்டு ஆம்லெட்டு, கலக்கி ஒண்ணு. அப்புறம் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு. நெனச்சாலே இனிக்குதுக்கா, உங்களுக்கு இனிக்கலையா?" இனிக்குதுடி என்று பேச்சித்தாய் சொன்னாள். இந்தப் பிள்ளையைப் பார், எவ்வளவு சுத்தமாகச் சந்தோஷப்படுகிறது. அதற்கு மனசு சரியான இடத்தில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நூலக வாசலில் வார்டரம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "பேச்சித்தாய்," என்று கூப்பிட்டாள்.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சத்தம் போடுகிற ஃபேன். வார்டரம்மா பேச்சு காதில் விழாத தூரத்தில் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குக் கனகு வயதுதான் இருக்கும், பச்சை முக்காடு, மூக்கில் நிற்காத கண்ணாடி, அதைப் புறங்கையால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் பேச்சித்தாய்.

"சந்தோசம்க்கா. உக்காருங்க. நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல," என்றாள் அந்தப் பெண். பெயர் யாஸ்மின், டாக்டர் இல்லை, ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறவள். பெயரை எங்கேயும் எழுதமாட்டோம், பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் எழுந்து போகலாம், நீங்கள் சொல்வதற்கும் உங்கள் விடுதலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒருவேளை உங்கள் உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே உள்ளவர்களிடம் சொல்வேன் என்று நிதானமாகச் சொன்னாள். ஒரு சம்பந்தமும் கிடையாதா என்று பேச்சித்தாய் இரண்டாம் முறை கேட்டாள். கிடையாது என்று அவளும் இரண்டாம் முறை சொன்னாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று பேச்சித்தாய்க்கே தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடந்த சில வாரங்களில், வழக்கமாக மகிழ்ச்சியளிக்கும் செயல்களில் உங்களுக்கு நாட்டம் குறைந்துள்ளதா?" என்று யாஸ்மின் வாசித்தாள்.

"நாட்டம்னா?"

"முன்ன பிடிச்சது எதாவது இப்பப் பிடிக்காமப் போயிருச்சாக்கா?"

"உப்புமா. ஆனா அது முன்னயும் பிடிக்காது."

யாஸ்மின் சிரித்தாள், சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இது நம்ம ஆள் என்று பேச்சித்தாய்க்குத் தெம்பு வந்தது. தூக்கம் எப்படி? விளக்கு அணைத்தால் இன்னும் நன்றாக வரும். பசி? பசிக்கு என்ன, அது கூப்பிடாமலேயே வருகிறது. வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்கிறதா? உப்புமா அன்றைக்கு மட்டும். ஒவ்வொரு கேள்வியையும் அவள் திராட்சைப் பொடிக்காய் மாதிரி கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டாள். முடியப்போகிறது, பிஸ்கட் பாக்கெட் மேசை ஓரத்தில் தெரிகிறது, ஆரஞ்சு கிரீம் வைத்தது, சந்தனமாரிக்குப் பாதி கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது யாஸ்மின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சீக்கிரம் விடுதலை ஆகப்போறவங்ககிட்ட மட்டும் இது ஒண்ணு கேக்கிறோம்க்கா. அந்தக் கேட்டைத் தாண்டினதும் என்ன நடக்கும்னு நினைச்சுப் பாப்பீங்களா?" என்றாள்.

வலது காலை வெளியே வைப்பேன் என்று சொல்லத்தான் பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். புரோட்டா என்று சொல்லலாம், சந்தனமாரியின் புரோட்டாவைக் கடன் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஃபேன் சத்தம் தூரத்துக்குப் போயிற்று, விரல் நுனிகள் குளிர்ந்தன, ரோடு இரண்டு பக்கமும் ஓடியது, சின்னமனூர், தெரு, வீடு, ஓரத்தில் நிற்கிற பிள்ளையின் முகம், உலக்கை விழுந்தது, மறுபடி விழுந்தது, இருமிப் பார்த்தாள், சூப்பிரண்டு அம்மா இருமல் வரவில்லை, காற்று உள்ளே போகிறது வெளியே வரமாட்டேன் என்கிறது, இதோ இந்த நாற்காலியில், இந்தப் பிள்ளைக்கு முன்னால், பிஸ்கட் வாங்குவதற்கு முன்னாலேயே செத்துவிடப் போகிறோம். யாஸ்மின் மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "அக்கா, காலை நல்லாத் தரையில ஊணுங்க. ஆமா. இப்ப காத்தை வெளிய விடுங்க, மெதுவா, ஊதுகுழல்ல ஊதற மாதிரி. உள்ள இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும். என்கூட ஊதுங்க." இரண்டு பேரும் ஊதினார்கள். எரியாத அடுப்பு ஒன்றை எதிரெதிரே உட்கார்ந்து ஊதுகிற மாதிரி, ஒரு பெரிய மனுஷியும் ஒரு படித்த பெண்ணும் உஃப் உஃப் என்று ஊதினார்கள். வராந்தாவில் வார்டரம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள், யாஸ்மின் கையால் வேண்டாம் என்று காட்டினாள். ஊத ஊத உலக்கையின் வேகம் குறைந்தது. ஃபேன் சத்தம் திரும்பிப் பக்கத்தில் வந்தது.

"கேஸ்," என்றாள் பேச்சித்தாய், குரல் வந்ததும்.

"படம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க."

"அப்ப நெஞ்சு நல்லாத்தான் இருக்கும். எதுக்கும் நாளைக்கு வர்ற மனநல டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும், நீங்க சரின்னா. எனக்கு இது பயம்னு தோணுதுக்கா. மனசு பயப்படறதை வெளிய சொல்லலைன்னா உடம்பு எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான்."

"பைத்தியம் இல்லையா?"

"இல்லக்கா."

"வெளிய போறதுக்குப் போய் யாராச்சும் பயப்படுவாங்களா?" அதைச் சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து வருஷம் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி இருந்தது அது, பார்த்தால் வெறுமனே சாத்தித்தான் இருந்திருக்கிறது.

"நிறையப் பேரு. அதனாலதான் இந்தக் கேள்வியவே சேத்தோம். ஆம்பளைங்க ஜெயில்ல ஒருத்தர் சொன்னாரு, பேரு சொல்லமாட்டேன், மீசையே இவ்வளவு இருக்கும். அவருக்கு விடுதலை ஆர்டர்னு காகிதத்தைப் பாத்தாலே கை நடுங்குதாம்."

இவ்வளவு என்று யாஸ்மின் காட்டிய அளவைப் பேச்சித்தாய் பார்த்தாள். அந்த மீசைக்காரன் ஒரு சின்னக் கதவுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம், இத்தனை மாசம் தனக்கே தனக்கு என்று வைத்துக்கொண்டிருந்த வியாதி ஊரெல்லாம் இருக்கிறதா என்று. அப்புறம் வந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சேர்ந்து மூணாறும் வந்தது, ரெண்டு இலை ஒரு மொட்டு வந்தது, சம்பந்தியம்மாளுக்காகச் சிலிர்த்து வைத்த தோள் வந்தது, மகளுடைய குரலில் வழுக்குகிற அந்த இடம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். யாஸ்மின் பாதி வரை சிரித்தாள், பாதிக்கு மேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மகளிடம் இதைச் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. "கடைசியாக்கா, உங்க மாதிரி வெளிய போகப்போறவங்களுக்கு என்ன இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பேச்சித்தாய் யோசித்தாள். மனசுக்கு என்ன வேண்டும் என்று அரை நாள் மரத்தடியில் உட்கார்ந்து தேடியதற்கு இப்போது விடை சும்மா வந்து நின்றது. "ஒத்திகை வேணும்," என்றாள். "எனக்குப் பரோல் லீவே குடுத்ததில்ல தாயி, இந்தக் கேஸுக்குக் குடுக்கறதில்லன்னாங்க. நேரா ஒருநாள் கதவைத் திறந்து போன்னு விடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிய போயி, ரோட்டைத் தாண்டிப் பாத்துட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டுத் திரும்பி வரணும். வார்டர் கூட வரட்டும், பரவாயில்ல. மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்காம யாராச்சும் ஏறுவாங்களா?" யாஸ்மின் அதை எழுதிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று அப்படியே வாசித்துக் காட்டினாள். டீயைக் குடிச்சுட்டு என்பதை விட்டுவிட்டாய் என்றாள் பேச்சித்தாய். அதையும் சேர்த்துக்கொண்டாள். இது நடக்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் ஆராய்ச்சி முடிவில் கேட்போம், எழுத்தில் கேட்போம் என்றாள்.

வெளியே வெயில் மரத்தடியை நெருங்கியிருந்தது. சந்தனமாரி முறத்தில் மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்திருந்தாள். "என்னக்கா கேட்டாங்க, ரொம்ப நேரமாச்சு?" பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளை முகத்தை இப்போதுதான் பார்ப்பது போல இருந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பு, புரோட்டா புரோட்டா என்று ஓயாமல் சொல்கிற வாயின் ஓரத்தில் கடித்துக் கடித்துப் புண். "ஏண்டி, வெளிய போறதை நெனச்சா உனக்கு நெஞ்சு படபடன்னு வருதா?" என்று சாதாரணமாகக் கேட்டாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல. சந்தனமாரி பிஸ்கட்டைக் கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெல்லவில்லை, விழுங்கவில்லை. "யாருக்கா சொன்னது?" என்றாள். அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "சொல்லு, ஒண்ணும் செய்யமாட்டாங்க," என்றாள் பேச்சித்தாய். "மீசைக்காரனுக்கே வருதாம்."

மதியச் சாம்பார் முடிந்த பிறகு அவளுக்குப் போன் முறை. வரிசையில் நிற்கும்போது நெஞ்சு லேசாக எகிறியது. சரி, நீயும் வா என்று அதையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, காலை ஊன்றி, மெதுவாக ஊதினாள், முன்னால் நின்றவள் எதற்கு ஊதுகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தாள். கனகு இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்வாள். வாய் வரைக்கும் ஒன்று வந்தது, சம்பந்தியம்மாளுக்குத் தேயிலைத்தூள் எந்த ரகம் பிடிக்கும் என்று. அதை விழுங்கிவிட்டாள். "கனகு," என்றாள். "எனக்கு வெளிய வர்றதுக்குப் பயமா இருக்குடி. அங்க வந்து உன்னைய எந்த மொகத்தோட பாக்கறதுன்னு தெரியல." மறுபக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கிற ஒலி மட்டும் கேட்டது, அதுவும் நின்றது, மகள் எங்கோ நடந்து ஒரு கதவைச் சாத்துகிற ஒலி கேட்டது. போன் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு," என்றாள் கனகவல்லி. இந்தத் தடவை குரல் எங்கேயும் வழுக்கவில்லை, அழுதுகொண்டிருந்தது, ஆனால் நேராக நின்று அழுதது. "நீ போகும்போது நான் ரெண்டு சடை போட்டிருந்தேன். இப்ப வந்து பாத்துட்டு உன் பிள்ளையே இல்ல இதுன்னு நினைச்சுருவியோன்னு இருக்கு. எனக்கு உங்கிட்ட எப்படிப் பேசுறதுன்னே மறந்துருச்சும்மா. நீ ஜோக்கா சொல்லிக்கிட்டே இருக்க, நானும் சிரிச்சுக்கிட்டே இருக்கேன். அவர்கிட்ட மட்டும் நான் உண்மையச் சொல்லிட்டேன், கல்யாணமான மறுமாசமே. உங்கிட்டத்தான் சொல்லல." என்ன சொன்னாரு என்று பேச்சித்தாய் கேட்டாள். "கூட்டியாற நானே வாறேன்னாரு. பத்து வருஷம் உள்ள இருந்தவங்களுக்கு ரோடு கிராஸ் பண்ணத் தடுமாறும்லன்னு..." அதோடு போன் நின்றுவிட்டது, நேரம் முடிந்துவிட்டது.

பேச்சித்தாய் போனை மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாளா அழுதுகொண்டிருந்தாளா என்று பின்னால் நின்றவர்களால் சொல்ல முடியவில்லை. வார்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "என்ன பேச்சி, மக என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"அவளுக்கும் பயமா இருக்காம் மேடம்," என்றாள் பேச்சித்தாய், பெருமையாக.